படம் முடியும்வரை சவரம் கிடையாது

ஜனவரி 4, ஞாயிறு

இந்த நோட்டை வாங்கியது தாடிக்காக. இணை இயக்குநர் வசந்தன் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "அண்ணே, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை தாடி நீளத்தைக் குறிச்சு வைங்க. முன்னாடி ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, மூணு போட்டோ அனுப்புங்க. கன்டினியூட்டி முக்கியம்."

நான் வாசலில் நுழைகிற காட்சியை நவம்பரில் எடுத்தாயிற்று. கூடத்துக்கு வருகிற காட்சி பிப்ரவரி 20 அன்று. இடையில் மூன்று மாதம் ஓடிவிட்டது என்று படம் பார்க்கிறவனுக்குத் தெரியக் கூடாது. அதனால் தலையிலும் முகத்திலும் கத்தி படக் கூடாது. தாடி இரண்டு விரல்கடைக்கு மேலே போனால் நுனியை மட்டும் கத்தரித்துக்கொள்ளலாம்.

மகள் தர்ஷினி காலையில் இணையத்தில் வந்த பட்டியலை வாசித்தாள். இந்த ஆண்டு மக்கள் அதிகம் எதிர்பார்க்கும் பத்துப் படங்கள். முதலிடத்தில் எங்கள் 'கந்தகக் காடு'. வில்லனின் அண்ணன் நான். ஏழு காட்சி, அதில் மூன்றில் வசனம் உண்டு. நாற்பத்து மூன்று வயது ரேஷன் கடைக்காரனுக்கு இது எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் சிரிப்பார்கள். இடம் பார்க்க சாத்தூருக்கு வந்த இயக்குநர், வரிசையில் சண்டை போட்ட இரண்டு பேரை நான் முறைத்ததைப் பார்த்துவிட்டார். அந்த முறைப்புத்தான்.

பட்டியலை என்னைப் பெற்ற அய்யாவிடமும் வாசித்துக் காட்டினாள். அவர் இருமலுக்கு நடுவே, "முத எடமா? பரவால்லையே" என்றார்.

தாடி: இரண்டு விரல்கடை.

ஜனவரி 9, வெள்ளி

பொங்கல் பரிசு வரிசை தெருமுனை வரை நின்றது. கைரேகை இயந்திரம் பாதிப் பேருக்கு வேலை செய்யவில்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை அழிந்த விரல்களை அது எப்படிப் படிக்கும். விரலைத் துடைக்க ஈரத்துணி வைத்தேன்.

"என்ன சோலை, பழனிக்கு நடக்கப் போறியா, இல்ல வீட்ல கோவமா?" என்று ஒரு அக்கா தாடியைப் பார்த்துக் கேட்டது. பத்துப் பேர் சிரித்தார்கள். படத்தைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். "வேண்டுதல்க்கா" என்றேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். காலையில் போஸ்டர் வந்தது. 'ஏப்ரல் 14 முதல் உலகமெங்கும்'. கதாநாயகன் முதுகைக் காட்டி நிற்கிறார். பின்னால் புழுதியில் நாலைந்து உருவம். இடது ஓரத்தில் இருப்பது நான்தான் என்று தர்ஷினி சத்தியம் செய்கிறாள்.

அய்யா மூன்று கரண்டி பொங்கல் சாப்பிட்டார்.

ஜனவரி 22, வியாழன்

மதுரைக்கு அய்யாவைக் கூட்டிப் போனோம். பெரிய டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் மாட்டிக் காட்டினார். நுரையீரலில் பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தது. முப்பத்தோரு வருடம் அரசு பஸ் ஓட்டியவர், பீடி சிகரெட் எதையும் தொடாதவர். இனி ஆஸ்பத்திரி அலைச்சல் வேண்டாம், வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். எத்தனை நாள் என்று கேட்டேன். ரெண்டு மாசம், மூணு மாசம், சொல்ல முடியாது என்றார்.

"பிப்ரவரி தாண்டுமா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "பிப்ரவரில என்ன?"

"பொண்ணுக்குப் பரீட்சை சார்" என்றேன்.

தர்ஷினிக்குப் பரீட்சை மார்ச்சில்.

ஜனவரி 25, ஞாயிறு

போட்டோ அனுப்பினேன். தாடி இரண்டு விரல்கடை. வசந்தன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று அனுப்பினார்.

பிப்ரவரி 2, திங்கள்

திருப்பூரிலிருந்து தம்பி பாண்டித்துரை வந்துவிட்டுப் போனான். அய்யாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். பஸ் ஏற்றிவிடப் போனபோது பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். அப்பனுக்கு மூத்தவன், ஆத்தாளுக்கு இளையவன் என்றுதானே கொள்ளி வைக்கிறோம், இப்போது சில இடத்தில் அப்படியெல்லாம் பார்ப்பதில்லையாமே என்று.

"ஏண்ணே, நீ எங்கயும் வெளியூரு போறியா?"

"இல்லடா. சும்மா."

எங்கள் பக்கத்தில் கொள்ளிக்குடம் தூக்குகிறவன் சுடுகாட்டிலேயே தலையும் மீசையும் மழித்துவிட்டுத்தான் தூக்க வேண்டும். அதை அவனுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பஸ் கிளம்புகிறவரை அவன் என் தாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி 10, செவ்வாய்

படப்பிடிப்பு தள்ளிப்போய்விட்டது. கதாநாயகனுக்கு வேறு படத்தின் பாட்டுக் காட்சி வெளிநாட்டில் இருக்கிறதாம். புதுத் தேதி மார்ச் 13. வசந்தன் போனை வைத்த பிறகு கடைக்குப் பின்னால் போய் ஒரு காலிச் சாக்கை எட்டி உதைத்தேன். சாக்கு என்ன செய்யும்.

தள்ளிப்போனது இருபது நாளா, இருபத்தொரு நாளா என்று மூன்று தடவை எண்ணினேன். இருபத்தொன்று.

பிப்ரவரி 14, சனி

மாத்திரைக்கு ஒரு அட்டவணை எழுதி அய்யா கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். ஆறு மணிக்கு ஒன்று, எட்டுக்கு இரண்டு, மதியம் மூச்சில் இழுக்கும் புகை மருந்து. மெஷினின் வடிகட்டியைத் தினமும் நானே கழுவுகிறேன். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தாயிற்று. சளி பிடிக்கும் என்று வந்து பார்க்கிறவர்களைக் கூட வாசலோடு அனுப்பிவிடுகிறேன். கடையைப் பூட்டிவிட்டு மதியம் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.

"உங்கள மாதிரி ஒரு மகன் யாருக்குங்க கெடைப்பான்" என்று என் மனைவி சீதாலட்சுமி சொன்னாள். அவள் மனசாரத்தான் சொன்னாள். நான் தட்டோடு எழுந்துவிட்டேன்.

பிப்ரவரி 19, வியாழன்

அய்யாவுக்குச் சவரம் செய்ய முனியாண்டி வீட்டுக்கு வந்தார். அய்யா என்னைக் காட்டி, "இவனுக்கும் சேத்து எடுத்துவிட்டுப் போ. வீட்டுக்குள்ள கரடி நிக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

முனியாண்டி கத்தியை என் பக்கம் திருப்பியதும் நான் இரண்டு எட்டு பின்னால் போய்விட்டேன். அய்யா சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

பிப்ரவரி 27, வெள்ளி

மதியம் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கும்போது போன். கடையைப் பூட்டாமலே ஓடினேன். அய்யாவுக்கு உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸ் வரப் பதினேழு நிமிடம். அந்தப் பதினேழு நிமிடமும் அய்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிட்டேன்.

என்ன சொல்லிக் கும்பிட்டேன் என்பதை எழுதப் போவதில்லை. அதில் ஒரு தேதி இருந்தது.

பிழைத்துக்கொண்டார்.

மார்ச் 5, வியாழன்

டீசர் இன்று வெளியானது. காலையிலிருந்து தர்ஷினி திரையில் ஓடும் நொடிக் கணக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நாளைக்குக் கணக்குப் பரீட்சை, கேட்டால் "அதெல்லாம் படிச்சாச்சுப்பா" என்கிறாள். ஒன்றே முக்கால் நிமிடத்தில் என் முகம் ஒரு நொடிக்கு வந்து போனது. அரிவாளும் இல்லை, வசனமும் இல்லை. அதே முறைப்பு.

அய்யா அதை ஆறு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். "நிப்பாட்டு, நிப்பாட்டு. இங்கதான்." மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இப்பிடித்தான்டா எங்கய்யா பாப்பாரு. ஒனக்கு எப்பிடி வந்துச்சு? நீ அவரப் பாத்ததே இல்லையே."

எனக்குக் கடைக்குப் போகவே மனசில்லை. ஏப்ரல் 14 எப்போது வரும் என்று இருக்கிறது. ஏப்ரல் 14 வரக் கூடாது என்றும் இருக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

வசந்தன் கூப்பிட்டார். குரலே வேறு மாதிரி இருந்தது. இயக்குநர் இதுவரை எடுத்ததைச் சேர்த்துப் போட்டுப் பார்த்திருக்கிறார். படத்தில் என் தகப்பனை இடைவேளைக்கு முன்னால் கொன்றுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு நான் நேராக அரிவாளைத் தூக்குவதாகத்தான் கதை இருந்தது. அது போதாதாம். ஆற்றங்கரையில் நான் காரியம் செய்கிற காட்சி வேண்டுமாம்.

"காலைல தாடியோட மிச்ச ரெண்டு காட்சிய முடிச்சிருவோம். மத்தியானம் கேமரா முன்னாடியே தலையையும் மீசையையும் எடுக்கறோம். மொட்டைக்கு ஒட்டுத்தலை வச்சா பக்கத்துல தெரிஞ்சிரும்ணே. உங்களுக்கு இதான் படத்துலயே பெரிய காட்சி." அப்புறம் கேட்டார். "உங்க அப்பா இருக்காங்கல்ல? சில பேரு ஒத்துக்க மாட்டாங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க. தம்பி கேரக்டருக்கு மாத்தி எழுதிக்குவோம். ஆனா அதுக்கப்புறம் உங்களுக்கு வேல இருக்காது."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

இரண்டு மாதமாக, அய்யா போய்விட்டால் மழிக்க வேண்டிவருமே என்று பயந்துகொண்டிருந்தவன் நான். இப்போது அவர் இருக்கும்போதே மழிக்கச் சொல்கிறார்கள்.

மார்ச் 11, புதன்

தகப்பன் இருக்கிற மகன் கோயிலில் மொட்டை போட்டாலும் மீசையைத் தொட மாட்டான். எங்கள் வீட்டில் யாரும் செய்ததில்லை. அடுப்படியில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டது.

"அந்த மனுசன் மூச்சு வுட்டுக்கிட்டு கெடக்காரு. நீ மீசய எடுத்துக்கிட்டு அவரு முன்னாடி வந்து நிப்பியா? அதுக்கு அவரு கழுத்தப் புடிச்சே நெரிச்சிரு."

சீதாலட்சுமி ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் வேண்டாம் என்று அர்த்தம். சரி, விட்டுத் தொலைப்போம் என்று வசந்தனுக்கு நம்பரைப் போட்டேன். அப்போது உள் அறையிலிருந்து அய்யா கூப்பிட்டார். சுவருக்கு இந்தப் பக்கம் பேசியதெல்லாம் கேட்டிருக்கிறது.

"உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். மெஷின் இரைச்சலுக்கு நடுவே விட்டு விட்டுத்தான் பேச முடிந்தது. "டாக்டர்கிட்ட பிப்ரவரி தாண்டுமான்னு கேட்டியே. நான் தெரைக்கு வெளிய வீல்சேர்லதான உக்காந்திருந்தேன்."

அய்யா, நான் அப்படி நினைக்கவில்லை என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நெனச்ச. நெனச்சா என்ன இப்ப? மொதல்ல கோவந்தான் வந்துச்சு. அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். எதுக்காகவோ நான் இருக்கணும்னு ஒருத்தன் நாளை எண்ணிக்கிட்டிருக்கான். நல்லதுதான. மெஷினத் தொடைக்கிற, மாத்திர தார, எங்கயும் நகர மாட்டேங்கற. நானும் அந்தத் தேதிக்குத்தான் இழுத்துப் புடிச்சிட்டுக் கெடக்கேன்."

நான் அழுதேன். அவர் பாட்டுக்குப் பேசினார்.

"போயி எடுத்துட்டு வா. வழியில எங்கயும் நிக்காம நேரா எங்கிட்ட வா. நான் பாக்கணும். செத்ததுக்கப்புறம் மகன் எப்பிடி இருப்பான்னு எவனுக்கும் பாக்கக் கெடைக்காது. எனக்குக் கெடச்சிருக்கு. ஒங்கம்மா என்னமும் சொல்லட்டும்."

வசந்தனுக்குச் சரி என்றேன்.

மார்ச் 13, வெள்ளி

சேரன்மகாதேவி பக்கம் ஆற்றங்கரை. மதியம் கேமரா முன்னால் தண்ணீரைத் தெளித்து மழித்தார்கள். ஒரே தடவைதான் எடுக்க முடியும், மறுபடி ஒட்டவா முடியும். கண்ணீர் வர வேண்டும் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. மேலுதட்டில் காற்றுப் பட்டது. எல்லாம் முடிந்தது, இனி வீட்டுக்குப் போகலாம் என்று மட்டுமே தோன்றியது. நிம்மதியாகக் கூட இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. இயக்குநர் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். அழாமல் இருந்ததுதான் அருமையாம்.

திருநெல்வேலியில் பஸ் ஏறினேன். கூட்டம். என் தலையையும் உதட்டையும் பார்த்ததும் ஒரு பெரியவர் நகர்ந்து இடம் கொடுத்தார். "யாரு தம்பி? அப்பாவா?"

கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம் நினைவுக்கு வந்தது. "ஆமா" என்றேன்.

"எந்த ஊரு?"

"சாத்தூர். டிரைவர் வேலாயுதம் மகன்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அய்யாவோடு ஒன்பது வருடம் கண்டக்டராக இருந்தவராம். கோவில்பட்டியில் இறங்கும்வரை அய்யா எப்படி வண்டி ஓட்டுவார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். இல்லை என்று சொல்ல எட்டு நிறுத்தம் இருந்தது. நான் சொல்லவில்லை.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் வீட்டுக்கு வந்தேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டது. அய்யா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தபடி காத்திருந்தார். பக்கத்தில் வரச் சொல்லி, தலையை நெற்றியிலிருந்து பின்கழுத்து வரை தடவினார். மீசை இருந்த இடத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நல்லாத்தான்டா இருக்க" என்றார். "நான் என்னமோன்னு நெனச்சிட்டிருந்தேன். தாங்கிக்குவ."

மார்ச் 14, சனி

காலை எட்டு மணிக்குத் தெருவில் ஒரு வேன் வந்து நின்றது. வயசான டிரைவர்களும் கண்டக்டர்களும் பதினொரு பேர், கையில் அய்யா போட்டோவுக்குப் போடப் பெரிய மாலை. வாசலில் பந்தல் இல்லை, சங்குச் சத்தம் இல்லை. குழம்பிப்போய் நின்றார்கள். என் மொட்டையைப் பார்த்ததும் நேற்றைய கண்டக்டர் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதார்.

உள்ளேயிருந்து அய்யா குரல் வந்தது. "யாருப்பா அது? டைம் ஆகறதுக்குள்ள வண்டிய எடுக்கறது?"

அப்புறம் வீடு பட்டபாட்டைச் சொல்ல முடியாது. ஒருத்தர் சிரிக்கிறார், ஒருத்தர் அழுகிறார், ஒருத்தர் என்னை அடிக்கக் கையை ஓங்குகிறார். மாலையை என்ன செய்வது என்று தெரியவில்லை. "வாங்கிட்டு வந்தது வீணாப் போகணுமா, போடுங்க" என்று அய்யா கழுத்தைக் கொடுத்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டது. எல்லாருக்கும் காப்பி போட்டதும் அம்மாதான்.

பத்து மணிக்கு ஒரு ஆட்டோ. பஸ்ஸோடு பரவிய சேதியைக் கேட்டு, மாரில் அடித்துக்கொண்டு இறங்கியது சொர்ணத்தாய் அத்தை, அய்யாவின் ஒரே தங்கை. அவர்கள் பேசிப் பதினோரு வருடம். அத்தை மகள் கல்யாணத்தில் தாய்மாமன் மாலையை அய்யா வருவதற்குள் வேறொருவரைப் போடச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு வாசலோடு திரும்பியவர்தான் அய்யா. "எண்ணே, எங்கிட்ட பேசாமலே போயிட்டியே" என்று ஒப்பாரியோடு அத்தை உள்ளே போனது.

மாலையும் கழுத்துமாக அய்யா உட்கார்ந்திருந்தார்.

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. அய்யா மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார். "பேசாம எங்க போனேன்? இங்கனதான் கெடக்கேன். பேசு" என்றார்.

அத்தை ஊருக்குத் திரும்பவில்லை. அய்யா கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுக்கொண்டது.

மார்ச் 25, புதன்

படம் ஏப்ரல் 14-க்கு வராது. கணினி வேலை முடியவில்லையாம், ஆகஸ்ட் 14 என்று அறிவித்துவிட்டார்கள். தர்ஷினி அழாத குறை.

வசந்தனும் கூப்பிட்டார். ஏப்ரல் 2 அன்று இன்னும் ஒரே ஒரு காட்சி. காரியம் முடிந்து சில வாரம் கழித்து நடக்கிறது. தலையில் கொஞ்சம் முடி முளைத்திருக்க வேண்டும். "இதான்ணே உங்க கடைசிக் காட்சி, க்ளைமாக்ஸ்ல ஹீரோ கூட நேருக்கு நேர். தலையத் தொட்டுறாதீங்க."

அய்யா இரண்டு நாளாகக் கண்ணைத் திறக்கவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

அய்யா காலை ஒன்பது நாற்பதுக்குப் போனார். அத்தை கை ஒன்றைப் பிடித்திருந்தது, நான் ஒன்றை.

மார்ச் 31, செவ்வாய்

நேற்று சுடுகாட்டில் முனியாண்டி என் தலையைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். கால் அங்குலம் முளைத்திருந்தது, மீசை சாம்பல் பூசியது மாதிரி. தம்பி என் காதருகே வந்து, "அண்ணே, வேணும்னா நான் தூக்கறேன். எங்கூடப் பொறந்தவன்தான நீ, எனக்குத் தெரியாதா" என்றான். கேலி இல்லை. உண்மையாகத்தான் சொன்னான்.

"எடுங்க" என்று முனியாண்டியிடம் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. குடத்தைத் தூக்கினேன்.

இன்று காலை வசந்தனுக்குப் போன் செய்து சொன்னேன். வருத்தம் சொன்னார். பிறகு, "அந்தக் காட்சிய வேற மாதிரி யோசிக்கச் சொல்றேன்ணே" என்றார். அப்படியென்றால் நான் இல்லாமல் என்று அர்த்தம். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய்.

ஏப்ரல் 14, செவ்வாய்

இன்று படம் வந்திருக்க வேண்டிய நாள். வருஷப் பிறப்பு, வீட்டில் விசேஷம் எதுவும் கிடையாது. புதுப் பட்டியல் வந்திருக்கிறது என்று தர்ஷினி சொன்னாள். இப்போதும் முதலிடம் எங்களுக்குத்தான்.

மதியம் அத்தை மருந்துச் சீட்டுகளை ஒதுங்கவைத்துக்கொண்டிருந்தது. அய்யா எப்போது என்ன சாப்பிட்டார் என்று சீதாலட்சுமி ஒரு தாளில் குறித்து வந்திருக்கிறாள், எனக்கு அது தெரியாது. அத்தைக்கு வாசிக்கத் தெரியாததால் என்னிடம் நீட்டியது. நான் மார்ச் 13-ஐத் தேடினேன். 'மதியம் 3.10. கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார். முழு டம்ளர். துவையல் கேட்டார்.'

"படத்துல மொட்ட போட்டு உக்காந்திருப்பியாமே" என்று அத்தை கேட்டது. "அத என்னால பாக்க முடியாதுய்யா. எங்கண்ணன் ஞாபகம் வந்துரும்."

"நான் பாப்பேன் அத்தை" என்றேன்.

ஆகஸ்டில் முதல் நாளே போவேன். அந்தக் காட்சியைப் பார்த்து யார் வேண்டுமானாலும் அழட்டும். மணி மூன்றைத் தாண்டிய வெயிலில், ஆற்றங்கரையில், தகப்பனைப் பறிகொடுத்தவனாக நான் உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்தில் சாத்தூரில் எங்கள் அய்யா கஞ்சிக்குத் துவையல் கேட்டுக்கொண்டிருந்தார்.